சிம்பொனி என்றால் என்ன? பெரிய ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தாலே அது சிம்பொனி ஆகிவிடுமா?

2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியதற்குப் பிறகு என்னிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. கேட்கிற விதம் ஆளுக்கு ஆள் மாறும், சாரம் ஒன்றுதான்: "நூறு பேர் உட்கார்ந்து வாசித்தால் சிம்பொனியா? சினிமாப் பின்னணி இசையிலும்தான் ஐம்பது வயலின் ஒலிக்கிறது, அதை ஏன் அப்படிச் சொல்வதில்லை? ஒன்றிரண்டு கேட்டுப் பார்த்தேன், எங்கே தொடங்கி எங்கே போகிறது என்றே பிடிபடவில்லை. எப்படித்தான் கேட்பது?" பல வருஷமாக மேற்கத்திய இசைக் கோட்பாடு சொல்லிக்கொடுத்து வருகிறேன். இதற்கு இரண்டு வரியில் பதில் சொன்னால் தப்பாகப் போய்விடும் என்பது அனுபவம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஆள் கணக்கை முடித்துவிடலாம். ஆஸ்திரியாவின் ஆன்டன் வெபர்ன் 1928-ல் எழுதிய சிம்பொனிக்கு ஒரு கிளாரினெட், ஒரு பேஸ் கிளாரினெட், இரண்டு ஹார்ன், ஒரு ஹார்ப், கொஞ்சம் தந்தி வாத்தியங்கள் இருந்தால் போதும். பத்து நிமிஷம்போலத்தான் ஓடும். அது சிம்பொனிதான். மறுபக்கம், மேடை நிறைய ஆட்கள் உட்கார்ந்து வாசிக்கும் ஓவர்ச்சர் என்ற முன்னிசை உண்டு, சிறு துண்டுகளைக் கோத்த ஸூட் உண்டு. ஒரு பியானோவையோ வயலினையோ முன்னால் வைத்து மொத்தக் குழுவும் அதனோடு உரையாடும் கான்செர்ட்டோ உண்டு. இவை எதுவும் சிம்பொனி இல்லை. தமிழில் 'ஆர்க்கெஸ்ட்ரா' என்றாலே கல்யாண வீட்டு மெல்லிசைக் குழு என்ற பொருள் படிந்துபோனதும் ஒரு குழப்பம். சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா என்பது வாசிக்கிற குழுவின் பெயர். சிம்பொனி என்பது அவர்கள் வாசிக்கிற ஒரு வகை உருப்படியின் பெயர். வீணை வேறு, வர்ணம் வேறு என்பதுபோல.

அப்படியானால் எந்த வகை உருப்படி? ஒரு சின்ன இசை எண்ணத்தை எடுத்துக்கொண்டு, அதை வீட்டை விட்டுக் கிளப்பி, வெகுதூரம் அலையவிட்டு, கேட்கிறவர் அதை மறந்திருக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் மறுபடி வீட்டுக்குக் கூட்டிவருகிற உருப்படி. இந்த நம்பிக்கைதான் சிம்பொனியின் உயிர் என்பது என் முடிவு. பாட்டு வரிகள் கிடையாது. கதை சொல்ல நடிகர் கிடையாது. அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ, கேட்கிறவருடைய ஞாபகம் ஒன்றை மட்டுமே நம்பி அவ்வளவு பெரிய கட்டடம் எழும்புகிறது.

சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது, 'சேர்ந்து ஒலிப்பது' என்று பொருள். இத்தாலிய ஓபராக்களில் திரை விலகுமுன் வாசித்த வேகம், நிதானம், வேகம் என்ற மூன்று துண்டு முன்னிசைக்கு 'சின்ஃபோனியா' என்று பெயர். 18-ஆம் நூற்றாண்டில் அது ஓபராவிலிருந்து பிரிந்து தனியாகக் கச்சேரிக்கு வந்தது. மிலானில் சம்மார்த்தினி, ஜெர்மனியின் மான்ஹைம் அரண்மனையில் யோஹான் ஸ்டாமிட்ஸ் ஆகியோர் அதை வளர்த்தார்கள். வேகமான முதல் மூவ்மெண்ட் (சிம்பொனியின் ஒரு பகுதிக்கு அந்தப் பெயர்), நிதானமான இரண்டாவது, மினுவெட் என்ற நடன நடையில் மூன்றாவது, மறுபடி வேகமாக நான்காவது என்று நான்கு மூவ்மெண்ட் கொண்ட உருவம் அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைத்தது. இந்த நான்கையும் மனப்பாடம் செய்துகொண்டு கேட்கப் போகிறவர்களுக்கு அது பெரிதாக உதவுவதில்லை என்பதைப் பார்த்திருக்கிறேன். உதவுவது வேறொன்று. அதை நம் சங்கீதத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

ஒரு கர்நாடகக் கச்சேரியில் தம்புரா எந்த ஷட்ஜத்தைப் பிடிக்கிறதோ அதுதான் மங்களம் வரைக்கும். மத்யம சுருதியில் பாடுகிற சில உருப்படிகளை விட்டுவிட்டால் இதற்கு விலக்கு கிடையாது. ராகமாலிகையில் ராகம் மாறும், ஸா மாறாது. கிரகபேதம் செய்து காட்டும் வித்வான்கூட ஒரு நிமிஷம் வேறு ஸ்வரத்தை ஸாவாக்கிக் காட்டிவிட்டு, சபை வியந்து முடிப்பதற்குள் பழைய ஸாவுக்கு வந்துவிடுவார். சிம்பொனியில் அந்த ஸாவே நகர்கிறது. நகர்ந்து, புது இடத்தில் நிமிஷக் கணக்கில் உட்கார்ந்துவிடுகிறது. சி மேஜரில், அதாவது சி என்ற ஸ்வரத்தை ஸாவாக வைத்த சங்கராபரண வரிசையில், தொடங்கிய மூவ்மெண்ட் கொஞ்ச நேரத்தில் ஜி மேஜருக்குப் போய் நிற்கும், அதாவது பஞ்சமமே புது ஸா ஆகிவிடும். தொடக்கம் சாதாரண காந்தாரம் வரும் மைனர் வரிசையில் என்றால் பெரும்பாலும் காந்தாரம் புது ஸா ஆகும். தம்புரா இல்லாத இசை என்பதால் இது முடிகிறது. தம்புரா இல்லாததால்தான் நம் காதுக்கு முதலில் பிடி கிடைக்காமலும் போகிறது. "எங்கே போகிறது என்றே தெரியவில்லை" என்று நீங்கள் சொன்னது உங்கள் காதின் குறை இல்லை. உண்மையிலேயே அது எங்கேயோ போய்க்கொண்டுதான் இருக்கிறது!

சிம்பொனியின் முதல் மூவ்மெண்ட்டை வழிநடத்தும் சொனாட்டா வடிவம் இந்த நகர்வின்மேல் கட்டப்பட்டது. முதல் கருப்பொருள் வீட்டு ஸாவில் வரும். இரண்டாவது கருப்பொருள் வெளியூர் ஸாவில் அறிமுகமாகும். இது எக்ஸ்பொசிஷன். பிறகு இரண்டையும் உடைத்து, துண்டுகளை ஊர் ஊராக இழுத்துப் போவது டெவலப்மெண்ட். அந்தக் கட்டத்தில் ஸா ஒரு இடத்தில் நிற்காது. கடைசியில் வீடு திரும்பும் ரீகேபிச்சுலேஷன். அதில் கவனிக்க வேண்டியது இரண்டாவது கருப்பொருளை. வெளியூரில் சந்தித்த அந்த ஆள் இப்போது நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நம் வீட்டு ஸாவில் பேசுவார். கேட்கிறவருக்கு இதன் இலக்கணம் தெரிய வேண்டாம். 'இவரை எங்கேயோ பார்த்திருக்கிறேனே, இப்போது ஏனோ வேறு மாதிரி இருக்கிறாரே' என்று தோன்றினால் போதும்.

கோட்பாடாகச் சொல்லிக்கொண்டே போவதைவிட ஒன்றை எடுத்து அருகில் வைத்துப் பார்ப்போம். எல்லோரும் எங்கேயாவது கேட்டிருக்கக்கூடிய பீத்தோவனின் 5-ஆம் சிம்பொனி.

அதன் வீடு சி மைனர். சி-யை ஸா என்று வைத்துக்கொண்டால் அந்தப் பிரசித்தமான தொடக்கம் 'ப ப ப க', பிறகு 'ம ம ம ரி'. சாதாரண காந்தாரம், சதுச்ருதி ரிஷபம். வயலின் வாசிக்கிறவர்கள் ஒருமுறை தாங்களே வாசித்துப் பாருங்கள். அது சமத்தில் தொடங்குவதில்லை. முதல் அரை அடி மௌனம், அதற்கு அப்புறம்தான் மூன்று 'ப'. நம் பாஷையில் எடுப்பு அரை இடம் தள்ளி. குழுவை நடத்தும் கண்டக்டர்கள் இந்தத் தொடக்கத்துக்கு அஞ்சுவதற்குக் காரணமே அந்த மௌனம்தான். அறுபது எழுபது பேர் ஒலிக்காத ஒரு அரை அடியைச் சேர்ந்து எண்ணி, ஒரே நொடியில் விழ வேண்டும்.

இதற்குள் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. அந்தத் தொடக்கத்தில் ஸா ஒலிக்கவே இல்லை. ப, க, ம, ரி மட்டும்தான். தந்தி வாத்தியங்களும் கிளாரினெட்டும் ஒரே ஸ்வரத்தைச் சேர்ந்து வாசிக்கின்றன, கீழே தாங்கிப் பிடிக்க ஹார்மனியும் கிடையாது. அதனால் ஈ ஃபிளாட்டை, அதாவது அந்தக் காந்தாரத்தையே, ஸா என்று எண்ணிக்கொண்டு கேட்டாலும் அதே ஸ்வரங்கள் பொருந்திவிடும்: 'க க க ஸ, ரி ரி ரி நி'. அதாவது சங்கராபரணத்தின் தெளிந்த முகம். முதல் சில நொடிகளுக்கு இது துக்கமா, கம்பீரமா என்று காதால் தீர்மானிக்க முடியாது. ஏழாவது பாரில் (பார் என்பது ஒரு தாளச் சுற்று) செல்லோவும், பஸ்ஸூன் என்ற தடித்த குரல் ஊதுகுழலும் சி-யை ஊன்றிய பிறகுதான் வீடு எது என்று தெரிகிறது. இந்தச் சந்தேகம் விளையாட்டுக்காக வைத்தது இல்லை. கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது கருப்பொருள் வரும்போது பாருங்கள், அது ஈ ஃபிளாட் மேஜரில்தான் வருகிறது. தொடக்கத்தில் மறைந்திருந்த அந்த இன்னொரு வீட்டின் கதவு அங்கே திறக்கிறது.

அந்தக் கதவைத் திறப்பது ஹார்ன். அதே நான்கு ஸ்வரத் தாளம், கூட இரண்டு ஸ்வரம் சேர்த்து, முழங்குகிறது. அதன் பின்னால் முதல் வயலின் மென்மையாக ஒரு மெட்டைத் தொடங்குகிறது. ஓய்ந்தது என்று நினைக்கிறோம். செல்லோ, டபுள் பேஸ் பக்கம் காதைக் கொடுங்கள். அடியில் 'டடட டம்' முணுமுணுத்துக்கொண்டே இருக்கும்! மெட்டு மேலே எவ்வளவு சாந்தமாக இருந்தாலும் அந்தத் தட்டல் வீட்டுக்குள் வந்துவிட்டது.

ரீகேபிச்சுலேஷனில் இரண்டு விஷயம். எல்லாம் வேகமாகத் திரும்பி வரும்போது திடீரென்று மொத்தக் குழுவும் நின்றுவிட, ஓபோ என்ற ஊதுகுழல் ஒன்றே ஒன்று தனியாக, தாளத்துக்குக் கட்டுப்படாமல், விருத்தம் பாடுவதுபோல ஒரு வரி இழைத்துவிட்டுப் போகும். சில நொடிகள்தான். இத்தனை ஆண்டு கேட்டும் அந்த இடத்தில் எனக்கு மூச்சு ஒரு கணம் நிற்கிறது. இரண்டாவது, ஹார்ன் முழக்கம் இம்முறை சி மேஜரில் வர வேண்டும். அன்றைய ஹார்னுக்கு வால்வு கிடையாது, ஈ ஃபிளாட்டுக்குப் பொருத்திய ஹார்னில் அந்த ஸ்வரங்கள் எழாது, குழாயை மாற்றிப் பொருத்த அவகாசமும் இல்லை. பீத்தோவன் அதை பஸ்ஸூன்களுக்குக் கொடுத்தார். இன்றைய ஹார்னில் முடியும் என்பதால் சில கண்டக்டர்கள் அதை ஹார்னுக்கே திருப்பிக் கொடுப்பதுண்டு. எனக்கு பஸ்ஸூன்தான் பிடிக்கும். களைத்துப்போய் வீடு திரும்பியவரின் தொண்டை அது.

கவனித்தீர்களா, சி மைனரில் தொடங்கிய மூவ்மெண்ட்டில் அந்த இடம் சி மேஜர். ஸா அதேதான், காந்தாரம் மட்டும் சாதாரணத்திலிருந்து அந்தரமாக ஏறியிருக்கிறது. ஒரு கணம் வெளிச்சம். ஆனால் பீத்தோவன் அதைத் தங்கவிடவில்லை. வழக்கமாக நாலு வரியில் முடிகிற கோடா என்ற முடிப்புப் பகுதியை டெவலப்மெண்ட் அளவுக்கு நீட்டி, மறுபடி சி மைனருக்குள் தள்ளி, அடித்து முடிக்கிறார். அந்த அந்தர காந்தாரம் ஒரு கடனாக நிற்கிறது. அதை எப்போது அடைக்கப் போகிறார் என்பதுதான் அடுத்த இருபத்தைந்து நிமிஷம். அங்கே பிறகு வருகிறேன்.

பீத்தோவனுக்கு முன்னால் இந்த வடிவத்தை வளர்த்து ஆளாக்கியவர் ஹைடன். 1761-ல் எஸ்டர்ஹாஸி பிரபுக் குடும்பத்தில் வேலைக்குச் சேர்ந்தார், சீருடை போட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய வேலை. கிட்டத்தட்ட முப்பது வருஷம் அங்கேயே. உலகத்திலிருந்து விலகிக் கிடந்தேன், குழப்ப ஆள் இல்லை, அதனால் தனித்தன்மையோடு எழுத வேண்டிவந்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். தினமும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு குழு. எழுதியதை உடனே வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம், எடுபடாததை வெட்டலாம். எண்ணிட்ட சிம்பொனிகள் மட்டும் 104. 1790-களில் லண்டனுக்குப் போய் எழுதிய கடைசிப் பன்னிரண்டில் அவருடைய கை முழுதாகப் பழுத்திருக்கும்.

அந்த 104-ல் 45-ஆவது ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1772. ஹங்கேரியில் இருந்த கோடை அரண்மனையில் பிரபு நிக்கலஸ் வழக்கத்தைவிட நீண்ட நாள் தங்கிவிட்டார். வாத்தியக்காரர்களின் மனைவி மக்கள் ஊரில், ஆஸ்திரியாவின் ஐசன்ஸ்டாட்டில். ஊருக்கு அனுப்புங்கள் என்று எஜமானிடம் நேரடியாகக் கேட்கும் காலம் இல்லை அது. ஹைடன் ஒரு சிம்பொனி எழுதினார். கடைசி மூவ்மெண்ட் விரைந்து ஓடி, முடியப்போகிற இடத்தில் சட்டென்று நின்று, யாரும் எதிர்பாராத நிதானமான ஒரு பகுதி தொடங்குகிறது. முதல் ஓபோவும் இரண்டாம் ஹார்னும் தங்கள் வரியை முடித்து, மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு எழுந்து போகிறார்கள். பிறகு பஸ்ஸூன். பிறகு மற்ற ஓபோ, மற்ற ஹார்ன். டபுள் பேஸ். ஒவ்வொருவராகப் போய், கடைசியில் இரண்டு வயலின் மட்டும், ஒலி அடங்கும் கட்டை மாட்டிய வயலின்கள், மெல்ல இழைத்து நிற்கின்றன. பிரபுவுக்குப் புரிந்தது, மறுநாளே புறப்பட உத்தரவு என்று சொல்வார்கள். எனக்கு இதில் இன்னும் முக்கியமாகப் படுவது வேறு. வேகமாகத் தொடங்கிய கடைசி மூவ்மெண்ட் வேகமாகவே முடியும் என்று கேட்கிறவருக்கு ஒரு எதிர்பார்ப்பு ஏற்கெனவே உருவாகியிருந்ததால்தான் ஹைடனால் இதைச் செய்ய முடிந்தது. வடிவம் நினைவில் இருக்கிறவருக்குத்தான் அது உடைவது வலிக்கும்.

மொசார்ட் 1788 கோடையில் ஆறே வாரத்தில் கடைசி மூன்று சிம்பொனிகளை எழுதி முடித்தார். 41-ஆவதின் கடைசி மூவ்மெண்ட் 'ஸ ரி ம க' என்ற நான்கு நீண்ட ஸ்வரங்களில் தொடங்கும், யாரும் எழுதக்கூடியதுபோல அத்தனை எளிமை. போகப்போக இன்னும் நான்கு கருப்பொருள் சேர்ந்து, முடிவில் ஐந்தும் ஒரே நேரத்தில் ஒன்றோடொன்று இடிக்காமல் ஓடுகின்றன. நூல் பார்த்துக் கற்றால் மட்டும் வருகிற கைத்திறன் இல்லை அது.

இப்போது பீத்தோவனின் கடனுக்கு வருகிறேன். நான் 5-ஆம் சிம்பொனியை முதலில் கேட்டது நண்பர் ஒருவர் பதிவுசெய்து தந்த கேசட்டில். மூன்றாவது மூவ்மெண்ட் முடிகிற இடத்தில் 'ஏ' பக்கம் முடியும். எழுந்து போய்த் திருப்பிப் போட்டால் 'பி' பக்கத்தில் நான்காவது மூவ்மெண்ட் ஆரவாரமாகத் தொடங்கும். நல்ல சத்தம், சந்தோஷமான சத்தம், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். சில வருஷம் கழித்து வேறொரு பதிவை இடைவெளி இல்லாமல் கேட்ட அன்றுதான் தெரிந்தது, அந்த இரண்டுக்கும் நடுவே இடைவெளியே கிடையாது என்று. கேசட் திருப்பிய அந்த அரை நிமிஷத்தில் நான் சிம்பொனியின் மையத்தையே வெட்டி எறிந்திருக்கிறேன்.

நடப்பது இதுதான். மூன்றாவது மூவ்மெண்ட் செல்லோவும் டபுள் பேஸும் இருட்டில் தடவி நடப்பதுபோலத் தொடங்குகிறது. ஹார்ன்கள் உரக்கக் குறுக்கிட்டு அந்தப் பழைய நான்கு தட்டலை, நடை மாற்றி, முழங்குகின்றன. நடுப்பகுதி கடந்து முதல் பகுதி திரும்பி வரும்போது அது ஆவியாகிவிட்டிருக்கும். வில்லை வைத்துவிட்டு விரலால் சுண்டி வாசிக்கிறார்கள், முழங்கிய ஹார்ன் வரி இப்போது கிசுகிசுப்பு. பிறகு தந்தி வாத்தியங்கள் ஒரு நீண்ட ஸ்வரத்தைப் பிடித்துக்கொள்ள, அதன் அடியில் டிம்பனி என்ற பெரிய முரசு தனியாக, மிக மிக மெல்ல, சி-யை மட்டும் தட்டிக்கொண்டே இருக்கிறது. முதல் மூவ்மெண்ட்டின் அதே தட்டல்தான், எலும்பு மட்டும் மிச்சம். அதன்மேல் முதல் வயலின்கள் ஒரு துண்டு மெட்டைப் பற்றிக்கொண்டு படிப்படியாக ஏறுகின்றன. கிட்டத்தட்ட ஐம்பது பார். எந்த ராகம், எந்த ஊர் என்று ஒன்றும் தெரியாத மூட்டம். கடைசி எட்டு பாரில் மட்டும் ஒலி திடீரென்று பெருகி, சி மேஜரில் நான்காவது மூவ்மெண்ட் வெடிக்கிறது. அந்தர காந்தாரம் வந்துவிட்டது. இம்முறை ஒரு கணம் எட்டிப்பார்த்துவிட்டுப் போக வரவில்லை. அதுவரை சும்மா உட்கார்ந்திருந்த மூன்று டிரம்போன், ஒரு பிக்கலோ, ஒரு கான்ட்ராபஸ்ஸூன் இந்தக் கணத்துக்கு மட்டுமே வாயைத் திறக்கின்றன. இருபது நிமிஷத்துக்கு மேல் மேடையில் காத்திருந்து இங்கே வாசிக்கிறார்கள், யோசித்துப் பாருங்கள்.

அதோடு விடவில்லை. வெற்றி முழக்கத்தின் நடுவே குழு நிற்கிறது. மூன்றாவது மூவ்மெண்ட்டின் அந்தக் கிசுகிசுப்பு, பழைய நடையிலேயே, திரும்ப வருகிறது. தாண்டி வந்த இருட்டைத் தாண்டி வந்த பிறகும் ஒருமுறை பார்க்க வைக்கிறார். பிறகு மறுபடி சி மேஜர். தனித்தனியாக நான்கு உருப்படிகளை அடுக்கி வாசிப்பதற்கும் சிம்பொனிக்கும் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட என்னிடம் வேறு உதாரணம் இல்லை.

இதை முதலில் கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது? 1808 டிசம்பர் 22, வியன்னாவின் தியேட்டர் அன் டெர் வீன். 5, 6 இரண்டு சிம்பொனிகளும், 4-ஆம் பியானோ கான்செர்ட்டோவும், இன்னும் பலவும் ஒரே மாலையில். நான்கு மணி நேரம், நடுங்கும் குளிர், போதாத ஒத்திகை. கடைசி உருப்படியில் குழு தடுமாறி நின்றுபோய் மறுபடி தொடங்க வேண்டிவந்தது. தளர்ந்துபோன வாத்தியக்காரர்கள், விறைத்துப்போன சபை. அப்படித்தான் இது உலகத்துக்கு வந்தது.

அதற்குப் பிறகு எழுத வந்தவர்கள் எல்லோருக்கும் இது ஒரு பாரம். பின்னால் ஒரு ராட்சசனின் காலடி கேட்டுக்கொண்டே இருக்கும்போது எப்படி இருக்கும் தெரியுமா என்று பிராம்ஸ் சொன்னதாகக் கூறுவார்கள். சுமார் இருபது வருஷம் வைத்துத் திருத்தி, 1876-ல், 43 வயதில்தான் அவர் தன் முதல் சிம்பொனியை வெளியே விட்டார். அதுவும் சி மைனரில் தொடங்கி சி மேஜரில் முடிகிறது. பெர்லியோஸ் 1830-லேயே வேறு வழி பிடித்தார். காதலிக்காக ஒரு மெட்டு, அது ஐந்து மூவ்மெண்ட்டிலும் உருமாறி வருகிறது. கதையின் நாயகன் ஏறும் கொலைமேடையில் கிளாரினெட் அந்த மெட்டைத் தொடங்கும்போதே தலை வெட்டும் ஒலி அதைத் துண்டிக்கும். த்வோர்ஷாக் 1893-ல் நியூயார்க்கில் அரங்கேற்றிய 9-ஆவதின் முடிவில் முந்தைய மூன்று மூவ்மெண்ட்டின் கருப்பொருள்களும் பழைய நண்பர்களைப்போல வந்து போகும். எல்லாமே ஞாபகத்தை நம்பிய வேலைதான்.

1907-ல் ஹெல்சின்கியில் ஆஸ்திரியாவின் மாலரும் ஃபின்லாந்தின் சிபெலியஸும் சந்தித்துப் பேசியதை சிபெலியஸ் பின்னர் நினைவுகூர்ந்தார். கருப்பொருள்களை உள்ளே இருந்து பிணைக்கும் கட்டுக்கோப்பைத்தான் சிம்பொனியில் தான் மதிப்பதாக அவர் சொல்ல, இல்லை, சிம்பொனி உலகத்தைப்போல இருக்க வேண்டும், எல்லாவற்றையும் தழுவ வேண்டும் என்றாராம் மாலர். இருவரும் சொன்னபடியே செய்தார்கள். மாலரின் 8-ஆவது 1910-ல் மியூனிக்கில் அரங்கேறியபோது பாடியவர்கள், வாசித்தவர்கள் ஆயிரத்துக்கு மேல். சிபெலியஸின் 7-ஆவது 1924-ல் வந்தது, ஒரே மூவ்மெண்ட், இருபது நிமிஷத்துக்குச் சற்று மேல். இரண்டில் எது சரி என்று மாணவர்கள் கேட்பார்கள். என் மனசு சிபெலியஸ் பக்கம்.

சினிமா இசைக்கு வருகிறேன். அதைத் தாழ்த்திச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை. பின்னணி இசையிலும் கருப்பொருள் உண்டு, அது உருமாறுவதும் உண்டு, வாத்தியச் சேர்க்கையில் மேதைமையும் உண்டு. ஆனால் அங்கே இசை எவ்வளவு நேரம் போக வேண்டும், எந்த நொடியில் திரும்ப வேண்டும், எங்கே வெட்டுப்பட வேண்டும் என்பதைப் படச்சுருள் தீர்மானிக்கிறது. கதாநாயகி கதவைத் திறக்கும்போது ஸா மாறினால் அதற்குக் காரணம் கதவு. சிம்பொனியில் ஸா மாறினால் அதற்கான காரணத்தை இசையே முன்கூட்டி விதைத்திருக்க வேண்டும். சாய்ந்துகொள்ள வெளியே சுவர் கிடையாது. அதனால்தான் படங்களுக்கு எழுதிப் பழுத்த கைகூட சிம்பொனி எழுத உட்காரும்போது வேறொரு வேலைக்கு உட்காருகிறது.

எப்படிக் கேட்பது? 5-ஆம் சிம்பொனியிலிருந்தே தொடங்குங்கள், முப்பத்து மூன்று நிமிஷம்போல ஆகும். நான்கு மூவ்மெண்ட்டையும் ஒரே உட்காரலில், வரிசை கலையாமல், நடுவே விளம்பரம் நுழையாத ஏற்பாட்டில் கேளுங்கள். முதல் முறை ஒன்றுமே தேட வேண்டாம். இரண்டாம் முறை அந்த நான்கு தட்டல் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள். மூன்றாம் முறை ஓபோ, பஸ்ஸூன், டிம்பனி. பிறகு மொசார்ட்டின் 40, த்வோர்ஷாக்கின் 9. ஹைடனின் 45-ஐ மட்டும் காணொளியாகப் பாருங்கள், ஆட்கள் எழுந்து போவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். மாலருக்கு அவசரம் இல்லை.

நேரில் கேட்கப் போகிறவர்கள் தவறாமல் கேட்பது கைதட்டலைப் பற்றி. மூவ்மெண்ட்டுகளுக்கு நடுவே தட்டக் கூடாது என்பது இன்றைய அரங்கின் வழக்கம். அந்தக் காலத்தில் அப்படி இல்லை. 1778-ல் பாரிஸில் தன் 31-ஆவது வாசிக்கப்பட்டபோது முதல் மூவ்மெண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே, எந்த இடத்தில் தட்டுவார்கள் என்று தான் எண்ணி எழுதினாரோ அங்கேயே தட்டினார்கள் என்று மொசார்ட் அப்பாவுக்கு மகிழ்ச்சியாகக் கடிதம் எழுதினார். முடிந்ததும் சந்தோஷத்தில் பலே ராயலுக்குப் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டதையும் சேர்த்து எழுதியிருக்கிறார். அதனால் நடுவில் கை தட்டிவிட்டால் கூச்சப்பட வேண்டாம்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் காத்திருங்கள். சைக்கோவ்ஸ்கியின் 6-ஆவது. 1893 அக்டோபர் 28-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அவரே நடத்தினார், ஒன்பதாம் நாள் இறந்துபோனார். அதன் மூன்றாவது மூவ்மெண்ட் ஒரு வெற்றி நடை, முடிவுபோலவே முடியும், அரங்கில் பாதிப் பேர் தட்டிவிடுவார்கள். அதன் பிறகுதான் உண்மையான கடைசி மூவ்மெண்ட், நிதானமாக, அழுகையாக வருகிறது. வயலின்கள் ஓய்ந்து, செல்லோவும் டபுள் பேஸும் மட்டும் மிஞ்சி, அவையும் தேய்ந்து, எப்போது நின்றது என்றே தெரியாமல் நிற்கும். கண்டக்டரின் கை அப்போதும் மேலே இருக்கும். அது இறங்கும்வரை தட்டாதீர்கள்.